எழுபத்தெட்டாம் டோக்கன்

டோக்கன் எண் அறுபத்திரண்டு, அறை எண் இரண்டு என்று அவள் கூப்பிடுகிறாள். மஃப்ளர் கட்டிய ஒருவர் உடனே எழுந்து போகிறார். அவள் கூப்பிட்டால் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள், முனகாமல், எனக்கு முன்னால் அவன் எப்படிப் போனான் என்று சண்டை போடாமல். அவள் சுவரில் மாட்டிய கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறாள், நான் அதற்குக் கீழே மூன்றாவது வரிசையில் இரும்பு நாற்காலியில் இருக்கிறேன், அவளும் நானும் ஒரே ஆள். இந்தக் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் இதை யாரிடமாவது சொன்னால் மேல் மாடியில் மனநல டாக்டர் உட்காருகிறாரா என்று விசாரிப்பார்கள். சொல்லவும் முடியாது. இன்றோடு எட்டு நாளாக நான் பேசவில்லை. சாலிகிராமத்தில் எங்கள் தெரு டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம், அங்கே போய்க் கேமரா விட்டுப் பாருங்கள் என்று சீட்டு எழுதி இங்கே அனுப்பினார். குரல் கொடுத்துப் பிழைக்கிற ஜெசிந்தா நாற்பத்து மூன்று வயதில் நோட்டில் எழுதிக் காட்டி டோக்கன் வாங்கியிருக்கிறாள். எண்பத்தொன்று. வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் ஐம்பத்தெட்டு என்று பெட்டி கூப்பிட்டது. அட, யாரோ நன்றாகப் பேசுகிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. இந்த வேலை நமக்கு வராமல் எவளுக்குப் போனது என்று வயிறுகூட எரிந்தது. ஐம்பத்தொன்பதில்தான் தெரிந்தது. ஒன்பது என்று முடிக்கும்போது கடைசி எழுத்தை மேலே தூக்காமல் மெதுவாகக் கீழே வைக்கிற பழக்கம் எனக்குத்தான் உண்டு, அதற்காகவே என்னைக் கூப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். என் மேலேயே நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இந்த நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை.

மணவாளன். அந்தப் பெயரை மனதுக்குள் சொன்னாலே தொண்டை இழுத்துப் பிடிக்கிறது. மனதுக்குள் பேசினாலும் உள்ளே நரம்பு அசையும் என்று டாக்டர் சொன்னாரா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா தெரியவில்லை. அசையட்டும். மணவாளன், மணவாளன், மணவாளன். ஆஸ்பத்திரிகளுக்கும் வங்கிகளுக்கும் டோக்கன் மெஷின் விற்கிற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன் செய்தான், "மேடம், தமிழ்நாடு பூரா உங்க குரல்தான் கேக்கப் போவுது" என்றான். சாம்பிள் கேட்டான். ஒன்றிலிருந்து ஐந்து வரை பேசி அனுப்பினேன். "அஞ்சு நம்பர்ல என்ன மேடம் ஃபீல் வரும்? நூறும் பேசிக் குடுங்க, முழுசா கேட்டாதான் க்ளையண்ட் ஓகே பண்ணுவாரு." நூறு நம்பர் என்பது சாம்பிள் இல்லை சார், அதுதான் வேலையே என்று சொன்னேன். சொன்னேனா? சொன்னேன், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னேன். இந்தச் சிரிப்பை அறுத்துப் போட வேண்டும். காசு கேட்கும்போது எதற்குச் சிரிக்கிறோம், கல்யாண வீட்டுக்கா கூப்பிடுகிறோம்? "சாம்பிள்தானே மேடம், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான் அவன். நம்பிக்கை இல்லையா என்று எவன் கேட்கிறானோ அந்த நிமிஷமே போனை வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை, சேச்சே, அப்படியெல்லாம் இல்லை சார் என்றேன். அறுபத்தைந்து, அறை எண் ஒன்று. டோக்கன் எண், அறை எண் என்பதையும் சேர்த்து நூறையும் பேசி அனுப்பினேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது, க்ளையண்டுக்கு வேறு குரல் பிடித்துவிட்டதாம், அடுத்த ப்ராஜெக்டில் கண்டிப்பாகச் செய்யலாமாம். பரவாயில்லை சார், நன்றி என்று பதில் போட்டேன், கை கூப்புகிற பொம்மையும் சேர்த்து. அந்த வேறு குரல் இதோ இப்போது அறுபத்தாறு என்கிறது.

இந்த மாதிரி ஆட்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஊருக்கே நான்தான் சொல்கிறேன். எங்கள் குரல் கலைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அட்மின் நான். குழுவின் உச்சியில் நிரந்தரமாகக் குத்தி வைத்திருக்கிற செய்தி என் விரலால் தட்டியது, மனப்பாடமாகத் தெரியும். பாதிப் பணம் வராமல் மைக் முன்னால் நிற்காதே. எங்கே ஒலிக்கும், எத்தனை வருஷம் ஒலிக்கும் என்று எழுத்தில் வாங்கு, வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். திருத்தம் இரண்டு தடவை, மூன்றாவதற்குத் தனிக் காசு. சாம்பிளில் மூன்று நொடிக்கு ஒரு பீப் சத்தம் போட்டு அனுப்பு, பீப் இல்லாத சுத்தமான ஃபைல் முழுப் பணமும் வந்த பிறகுதான். கடைசி வரியை ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். போன வருஷம் மெர்லின் என்று ஒரு பெண், புதிதாக வந்தவள், ஒரு துணிக்கடை விளம்பரத்துக்குப் பீப் போடாமல் சாம்பிள் கொடுத்துவிட்டு, அக்கா, அது ரேடியோவில் வருகிறது, என்ன செய்வது என்று குழுவில் கேட்டாள். மேலே இருக்கிறதைப் படிக்கத் தெரியாதா, நீங்கள் எல்லாம் இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் எங்கள் பிழைப்பும் நாசமாகிறது என்று இருநூறு பேர் பார்க்க எழுதினேன். ஸாரி அக்கா என்று ஒரே பதில் போட்டாள். அதற்கப்புறம் அவள் அங்கே வாயே திறக்கவில்லை. அதை எழுதிய கைதான் அதற்கு முந்தின வருஷம் நூறு நம்பரையும் ஒரு பீப் கூட இல்லாமல் மணவாளனுக்கு அனுப்பியிருந்தது. தெரிந்தேதான் எழுதினேன். கண்ணாடியைப் பார்த்துத் திட்ட முடியாது, ஒரு சின்னப் பெண் கிடைத்தாள்.

ஏன் பீப் போடவில்லை? அவன் கேட்டுக்கொண்டான் என்பது பாதி உண்மை. "பீப்பு இருந்தா காதக் குத்துது மேடம்" என்றான், ஆமாம். மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை, செல்வினிடம் கூடச் சொல்லவில்லை, அவர் என் கணவர், நான் எட்டு நாளாகப் பேசாததில் வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறவர். நான் போட்டுத்தான் பார்த்தேன். துணி பீரோவுக்குள் மைக்கை வைத்து, இரண்டு கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வேர்த்து ஒழுக, ஒரு முழுப் பகல் பேசியது அது. எழுபதுக்கு வந்தபோது குரல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் தொழிலில் அது வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் நடக்கும். எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, அந்த ழ ஒவ்வொன்றும் நாக்கு சுருண்டு அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு வந்தது. சேனலில் செய்தி வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது வராது. பீப் போட்டால் நேராக அந்த ழ மேல்தான் வந்து விழுந்தது. தள்ளிப் போட்டால் அடுத்த ழ மேல் விழுந்தது. கேட்கவே அசிங்கமாக இருந்தது. இவ்வளவு அழகாகப் பேசிவிட்டு அதை அசிங்கப்படுத்தி அனுப்ப மனசு வரவில்லை. யாராவது ஒருத்தர் முழுசாகக் கேட்கட்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். மணவாளன் என்னை ஏமாற்றியதை விட இதுதான் அதிகமாக எரிகிறது. தச்சன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள் என்று பல்லிளித்துக்கொண்டு சும்மா வருவானா? நாங்கள்தான் வருவோம். பாராட்டுக்கு நாக்கைத் தொங்கப் போடுகிற சனம். எழுபது, அறை எண் மூன்று என்கிறாள் அவள், எனக்குப் புல்லரிக்கிறது, வெட்கங்கெட்ட உடம்பு.

பக்கத்து நாற்காலிக்காரர் திடீரென்று என் பக்கம் சாய்ந்து சத்தமாகப் பேசுகிறார். இவருக்குக் காதுதான் கோளாறு என்று அந்தச் சத்தத்திலேயே தெரிகிறது. "முப்பது வருசம் அச்சாபீஸ் மெசின்ல நின்னேன்மா, காது போயிருச்சு. ஊட்ல பொண்டாட்டி கத்துனாலும் கேக்காது. ஆனா இந்தப் பொம்பள பேசறது பாரு, ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேக்குது." நான் தலையாட்டுகிறேன். இருபது வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் உருப்படியாகச் சொன்ன முதல் பாராட்டு, காது கேட்காதவர் சொன்னது. அழுகை வருகிறது. அழக்கூடாது, அழுதாலும் தொண்டை இறுகும். அவர் கையில் எழுபத்தேழு இருக்கிறது. எழுபத்தேழு. அடுத்தது எழுபத்தெட்டு.

எழுபத்தெட்டு! எப்படி மறந்தேன்? எழுபத்தெட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டுப் பேபியக்கா குக்கர் விசில் அடித்தது. ஒரு விசில் முழுசாக, இன்னொன்று பாதியில் அடங்கியது, பேபியக்கா எப்போதும் ஒன்றரையில் அடுப்பை நிறுத்திவிடுவாள், பருப்பு குழைந்தால் அவள் வீட்டில் சண்டை வரும். கம்பளியைத் தாண்டி அது உள்ளே வந்துவிட்டது. திரும்ப எடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குப் பேசியதிலேயே அந்த எழுபத்தெட்டுதான் நன்றாக வந்திருந்தது, அழிக்க மனமில்லாமல், சாம்பிள்தானே, வேலை உறுதியானால் அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த விசில் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. என் வீட்டுக் கூரைச் சத்தம். இது வேறு யாரோ பேசியது என்று மணவாளன் எவ்வளவு புளுகினாலும் அதற்கு ஒரு கதை கட்ட முடியாது, அசல் ஃபைல் தேதியோடு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போனை எடுத்து ரெக்கார்டரைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். எழுபத்து மூன்று. எழுபத்து நான்கு.

ஒருவேளை கேமராவில் ஏதாவது தெரிந்தால்? கட்டி என்று டாக்டர் சொல்லவில்லை, தடிப்பு மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார். தடிப்பு. மகன் செத்துப் போகிற காட்சியில் தாய் கதறுகிற கதறலால் வந்தது அது, ஒரு சீரியலுக்குக் குரல் கொடுத்தபோது. முதல் தடவை பேசியதற்குக் காசு கொடுத்தார்கள். அப்புறம் எடிட்டிங் மாறியது என்று கூப்பிட்டார்கள், இயக்குநருக்கு அழுகை போதவில்லை என்று கூப்பிட்டார்கள், சேனலில் அழுகை அதிகம் என்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். பதினோரு தடவை கதறினேன். திருத்தம் இரண்டு தடவை என்று எழுதியவள் பதினோரு தடவை போய் நின்றேன், "நீங்க நம்ம குடும்பம் மாதிரி மேடம்" என்று மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். பதினோராவது முறை வாயில் ரத்தத்தின் ருசி தெரிந்தது. அப்போதும் ஓகேவா சார் என்று கேட்டேன். சரியாகாமலே போனால் நான் ஒழுங்காகப் பேசுகிற இடம் இந்தப் பெட்டி ஒன்றுதான் என்று ஆகிவிடும். ஒரு நாள் செல்வின் பேரப்பிள்ளைகளை இங்கே கூட்டி வந்து, கேளுங்கள், பாட்டி எப்படிப் பேசுகிறாள் என்று காட்டுவாரோ என்னவோ. எழுபத்தாறு. பெட்டியைக் கழற்றித் தரையில் அடிக்க வேண்டும் போல் இருக்கிறது. கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு ஜெசிந்தா, இன்னும் இரண்டே நம்பர்.

எழுபத்தேழு, அறை எண் மூன்று. அச்சாபீஸ்காரர் கையை ஊன்றி எழுந்து, "வரேம்மா" என்று என்னிடம் விடைபெற்றுப் போகிறார். நான் ரெக்கார்டரை அழுத்துகிறேன். சிவப்புப் புள்ளி ஓடுகிறது. மின்விசிறி, ஒரு குழந்தையின் இருமல், யாருடைய போனோ. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டிங் என்று மணி அடிக்கிறது. டோக்கன் எண் எழுபத்தொன்பது, அறை எண் ஒன்று. என்ன? இல்லை, எனக்குத்தான் காதில் விழவில்லையா? பலகையைப் பார்க்கிறேன், சிவப்பு எழுத்தில் 79. முன் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து போகிறாள். எழுபத்தெட்டு யார்? யாருமே இல்லையா? வராதவர்களையும் அது இரண்டு தடவை கூப்பிடுகிறது, அறுபத்தொன்பதை அப்படித்தான் கூப்பிட்டது. வெளியே வருகிற ஒரே சாட்சி, அதையும் முழுங்கிவிட்டார்கள். நோட்டைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு நடக்கிறேன்.

கவுண்டரில் இருக்கிற பெண்ணின் சட்டையில் சுபாஷிணி என்று பெயர் குத்தியிருக்கிறது. அவள் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுது எண்பத்தொண்ணு மேடம், வரும், உக்காருங்க" என்கிறாள். நான் நோட்டில் 78 என்று எழுதி விரலால் தட்டுகிறேன். "எழுபத்தெட்டு கிடையாது மேடம். நாங்க அந்த டோக்கனே குடுக்கறதில்ல." ஏன் என்று எழுதுகிறேன். "ஐயோ, அதெல்லாம் மெஷின் ப்ராப்ளம். இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நிற்கிறவரின் சீட்டுக்குக் கை நீட்டுகிறாள். நான் அந்தக் கைக்குக் குறுக்கே நோட்டை வைக்கிறேன். அதில் குக்கர் விசில் வரும், ஒன்று முழுசாக, இன்னொன்று பாதி என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவை படிக்கிறாள். இன்னொரு தடவை படிக்கிறாள். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்? பேஷன்ட் யாரும் இதக் கேட்டதே இல்லையே?" அது என் குரல் என்று எழுதுகிறேன், குக்கர் மாடி வீட்டுக் குக்கர். அவள் பெட்டியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், கழுத்தில் சுற்றிய துணியையும் கையில் இருக்கிற நோட்டையும் பார்க்கிறாள், சிரித்துவிடுகிறாள். கெட்ட பெண் இல்லை, சிரிப்பு வருகிற விஷயம்தான், எனக்கே வந்திருக்கும். "நீங்களா? அப்படின்னா ஒரு வார்த்த பேசிக் காட்டுங்க மேடம். சும்மா, சாம்பிளுக்கு."

வயிற்றிலிருந்து மூச்சு மேலே வந்துவிட்டது. நாக்கு தன்பாட்டில் எ என்பதற்குத் தயாராகி நின்றது. இருபது வருஷப் பழக்கம், கேட்டால் கொடுத்துவிடும், நாய்க்குட்டி மாதிரி. பேசினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம் வரும், ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், இவள் இல்லை என்று அடித்துச் சொல்லும், எட்டு நாள் பேச்சுப் பட்டினியும் வீணாகப் போகும். அதெல்லாம் கூட அப்புறம். அவள் சாம்பிள் என்றாள். பல்லைக் கடித்து அந்த மூச்சை மூக்கு வழியாகவே வெளியே விடுகிறேன். பக்கத்தைத் திருப்பி, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, பெரிய எழுத்தில் எழுதுகிறேன். சாம்பிள் கிடையாது. 78ஐ அமுக்குங்கள்.

அவள் சிரிப்பை நிறுத்துகிறாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கீபோர்டில் எதையோ தட்டுகிறாள். நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறேன். டோக்கன் எண் எழுபத்தெட்டு. அந்த ழ, அடடா. அதன் பின்னாலேயே பேபியக்கா குக்கர் ஒன்று முழுசாக அடிக்கிறது, இன்னொன்று பாதியில் அடங்குகிறது. ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "யாரு வூட்லயோ சாம்பார் கொதிக்குதுப்பா" என்று ஒருவர் சொல்ல, குழந்தைகள் சிரிக்கின்றன. சுபாஷிணி குரலை இறக்கிக்கொண்டு சொல்கிறாள்: "வாங்கினதுலேர்ந்து இப்படித்தான் மேடம். கம்பெனி சார்கிட்ட சொன்னோம். அந்த ஒரு நம்பர மட்டும் விட்டுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாதுன்னுட்டாரு." விட்டுட்டு ஓட்டுங்க. அந்த ஒரே ஒரு நம்பரைத் திரும்பப் பேச வைக்க வேண்டுமானால் அவன் எனக்குப் போன் செய்திருக்க வேண்டும். போன் செய்தால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக ஒரு நம்பரையே உலகத்திலிருந்து எடுத்துவிட்டான் படுபாவி, எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை வங்கியில் எழுபத்தெட்டே கிடையாதோ.

நாற்காலிக்குத் திரும்பிக் குழுவைத் திறக்கிறேன். உச்சியில் என் ஆச்சரியக்குறி நிற்கிறது. கட்டைவிரல் அங்கேயே நிற்கிறது. இப்போது மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை, மணவாளனிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம், அக்கா அக்கா என்று இருநூறு பேர் கூப்பிடுகிற மரியாதை மிஞ்சும். அவனுக்கும் அதுதான் வசதி. இப்படி வெட்கப்பட்டு மூடிக்கொள்கிறவர்களை நம்பித்தான் அவன் கடை நடக்கிறது. ரெக்கார்டிங்கை ஏற்றி, அதற்குக் கீழே தட்டுகிறேன். இது என் குரல். பீப் போடாமல் நூறு நம்பரையும் கொடுத்தது நான்தான், அழகாக வந்திருக்கிறது என்ற கர்வத்தில் கொடுத்தேன். வாங்கியது மணவாளன், டோக்கன் மெஷின் விற்கிறவன். உங்கள் ஊரில் டோக்கன் கூப்பிடுகிற இடங்களில் எழுபத்தெட்டு வருகிறதா என்று பாருங்கள். மெர்லின், உன்னை அன்றைக்குத் திட்டியது தப்பு, தெரிந்தே செய்த தப்பு. அனுப்பிவிட்டேன். காது சுடுகிறது. ஒரு வருஷமாக வாய் திறக்காதவள்தான் முதலில் வந்தாள். "அக்கா, மெஷின் பின்னாடி கம்பெனி ஸ்டிக்கர் இருக்கும், அதையும் போட்டோ எடுங்க. பில் காப்பி கேட்டு லெட்டர் குடுங்க. நீங்க பேசாதீங்க, எழுதியே குடுங்க." அதற்கும் கீழே மதுரையிலிருந்து ஒருவர், தன் வங்கியிலும் இதே குரல் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஸ்டிக்கரைப் போட்டோ எடுக்க எழுந்திருக்கிறேன். டிங் என்று மணி அடிக்கிறது. டோக்கன் எண் எண்பத்தொன்று, அறை எண் இரண்டு என்று நான் கூப்பிடுகிறேன். நானே உள்ளே போகிறேன்.